பசியில்லா நாடு

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கு நோக்கித் திருச்சுழிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் மழை பெய்தால் கண்மாய்கள் நிறையும். பருத்தியும் கம்பும் மல்லியும் விளையும். வேனில் முதிர்ந்தால் கண்மாயின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துவிடும். குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறாகவே கிடக்கும். ஆயினும் திருச்சுழியின் தலபுராணம் கூறுவது யாது? ஊழிவெள்ளம் பெருகியபோது சிவபெருமான் நிலத்தைத் துளைத்து, அவ்வெள்ளத்தைச் சுழித்து உள்ளே போகச் செய்தாராம். ஊருக்குப் பெயர் அதனால் வந்ததாம். நீருக்கு ஏங்கும் ஊர், மிகுந்த நீரை வடித்த கதையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது வியப்பன்றோ?

இவ்வட்டாரத்துப் பள்ளியொன்றில் நான் தமிழாசிரியனாக இருந்தபோது, ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவரிடம், “மாயங்கள் நிகழும் நாடொன்றில் நீங்கள் வாழ்வதாக எண்ணிக்கொண்டு, அங்கே ஒரு நாள் எவ்வாறு கழியும் என்று எழுதுக” என்றேன். பறக்கும் குதிரையும் பொன்மாளிகையும் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவை வேறு. ஒரு சிறுமி, ஊருணி வற்றாத நாட்டைப் பற்றி எழுதியிருந்தாள். அந்நாட்டில் அவள் தாய் பொழுது விடியும்வரை உறங்குவாள். குடத்துடன் இருளில் புறப்பட வேண்டுவதில்லை. நெசவாளர் வீட்டுச் சிறுவன் ஒருவன், தானே நெய்யும் தறியை வேண்டியிருந்தான்.

பெரும்புலவர்களின் கற்பனையும் இத்தகையதே. கம்பர் கோசல நாட்டைப் பாடும்போது, சேற்றில் படிந்த எருமை தன் கன்றை நினைந்து கனைக்கிறது. மடியிலிருந்து பால் தானே சொரிகிறது. தாமரைப் படுக்கையில் கிடக்கும் அன்னக்குஞ்சு அப்பாலைப் பருகி உறங்குகிறது. தேரை தாலாட்டுப் பாடுகிறது. அன்னக்குஞ்சு எருமைப்பால் பருகுமோ என்று வினவ வேண்டா. யாரும் யாருக்கும் அஞ்சாத ஒரு நண்பகலை அவர் காட்டுகிறார், அவ்வளவே. அந்நாட்டில் வறியவர் இல்லை, ஆதலின் வள்ளன்மைக்கும் இடமில்லை என்றும் அவரே கூறுகிறார். படிக்கும்போது இது புகழ்ச்சியாகவே தோன்றும். ஆயின், கம்பருக்கு முற்பட்ட சீத்தலைச் சாத்தனார் இதனுள் ஒரு துன்பமும் உண்டு என்று கண்டார்.

அவர் இயற்றிய மணிமேகலையை உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் பதிப்பித்தார். அதில் வரும் ஆபுத்திரன், மதுரையில் மனைதோறும் இரந்து பெற்ற சோற்றைக் குருடர்க்கும் முடவர்க்கும் பிற ஆதரவற்றோர்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலையணையாக வைத்து உறங்குபவன். மழை பெய்த ஓர் இரவில் பசித்தோர் சிலர் வந்து அவனை எழுப்பினர். கொடுக்க ஒன்றுமின்றி அவன் வருந்தினான். அப்போது சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத ஓடொன்றை அவனுக்கு அளித்தாள். அதுவே அமுதசுரபி. அன்றுமுதல் அவன் இருந்த இடத்தில் மக்களும் விலங்கும் பறவையும் கூடின.

அவ்வறத்தால் இந்திரனின் இருக்கை நடுங்கியது. அவன் முதிய அந்தணனாக வந்து, வேண்டும் வரம் தருவதாகச் சொன்னான். ஆபுத்திரனோ விலா இறச் சிரித்தான். “உம் நாட்டில் அறம் செய்வாரும் இல்லை, பிறரைக் காப்பாரும் இல்லை, பசி தீர்ந்தவர் முகம் மலர்வதை எனக்குக் காட்டும் இவ்வோடு போதும்” என்னும் பொருள்பட விடை கூறினான்.

இந்திரன் சினந்து என்ன செய்தான்? இடியை ஏவவில்லை, மழையை ஏவினான்! பன்னீராண்டு வறண்டு கிடந்த பாண்டிநாடு செழித்தது. பசித்தவர் ஒருவரும் இல்லை. ஊணொலி நிறைந்திருந்த அம்பலத்தில் வீணர்கள் கூடிச் சூதாடினர். வம்பு பேசிச் சிரித்தனர். ஊர்தோறும் சென்று, உண்பார் உண்டோ என்று கேட்ட ஆபுத்திரனை, “இவன் யார்?” என்று இகழ்ந்தனர். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிவதைக் கேட்டு அவன் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் அவன் இறங்கியிருக்க, அவன் ஏறிவிட்டான் என்றெண்ணிக் கப்பல் போய்விட்டது. ஆளற்ற தீவில், பலர்க்கு ஊட்டும் ஓட்டைக் கொண்டு தன் உயிரை மட்டும் வளர்க்க அவன் மனம் ஒப்பவில்லை. ஓட்டைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

தாது ஆண்டுப் பஞ்சத்தின் (1876–78) கதைகளைப் பாட்டியரிடம் கேட்டு வளர்ந்தவன் நான். ஆதலின், மழை பொழிந்ததைத் தீங்கென்று சொல்ல என் நா எழவில்லை. ஆபுத்திரன் இடர்ப்பட்டான் என்பதற்காகப் பாண்டிநாடு வறண்டே கிடந்திருக்க வேண்டும் என்பாரும் உண்டோ? ஆயினும் அச்சூதாட்ட அம்பலம் என் நெஞ்சை உறுத்திக்கொண்டேயிருந்தது. மறுநாள் வகுப்பில் இக்கதை முழுவதையும் சொல்லி, “உங்கள் மாய நாட்டிலும் அவ்வாறு ஆகாதோ?” என்று வினவினேன்.

நெடுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் நெசவாளர் வீட்டுச் சிறுவன் எழுந்தான். “ஐயா, தறி தானே நெய்தாலும் அப்பா தறிக்குழியில் இறங்கத்தான் செய்வார். பூவேலைப்பாடு உள்ள சேலை ஒன்று தம் மனம்போல் நெய்ய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கூலிக்கு நெய்வதால் அதற்குப் பொழுதில்லை” என்றான்.

ஊருணியைப் பற்றி எழுதிய சிறுமியைப் பார்த்தேன். “எங்கள் ஊருணி வற்றாதென்றால், பக்கத்து ஊரிலிருந்தும் வருவார்கள், ஐயா. நிறைகுடத்தைத் தனியே தலையில் ஏற்ற இயலாது. அம்மா கைகொடுத்துத் தூக்கிவிடுவாள்” என்றாள்.

அவர்களுடைய ஏடுகளில் அன்று நான் திருத்தியவை சந்திப் பிழைகள் மட்டுமே.