லினக்ஸில் டோரண்ட்: எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது?

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "டோரண்ட் டவுன்லோடுக்கு எது வேகமானது?" வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம் என்பேன். 2001-இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரண்ட் முறையைத்தான் எல்லா மென்பொருள்களும் பின்பற்றுகின்றன. கோப்பை முழுதாக வைத்துக்கொண்டு பகிர்கிறவர்கள் எத்தனை பேர், உங்கள் வீட்டு இணைப்பு எப்படி, இவைதான் வேகத்தைத் தீர்மானிக்கும். டெபியன் டிவிடி எதில் போட்டாலும் விறுவிறுவென்று இறங்கும். பகிர ஆளில்லாத கோப்பு எதில் போட்டாலும் பாதியில் நின்று உயிரை வாங்கும்.

நான் திருப்பிக் கேட்பது இதுதான்: டவுன்லோடு செய்யப்போவது நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் கணினியா, மூலையில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் கணினியா?

மடிக்கணினியில் எப்போதாவது ஒரு ஐஎஸ்ஓ இறக்குகிறவருக்கு டிரான்ஸ்மிஷன் போதும். உபுண்டுவோடு பல ஆண்டுகளாகக் கூடவே வந்தது. 2023-இல் வந்த 4.0 பதிப்பில் நிரலை சி-யிலிருந்து சி++-க்கு மாற்றி எழுதினார்கள். பழைய கணினியிலும் பாரம் தெரியாமல் ஓடும். கேட்டால் செய்யும், கேட்காததில் தலையிடாது.

கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால் க்யூபிட்டோரண்ட். நான் அன்றாடம் பயன்படுத்துவது இதைத்தான். 2006-இல் கிறிஸ்டோஃப் டூமேஸ் தொடங்கியது. தேடல், ஆர்எஸ்எஸ், கோப்பை முதலிலிருந்து வரிசையாக இறக்கும் வசதி எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. விபிஎன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: குறிப்பிட்ட ஒரு நெட்வொர்க் இணைப்பின் வழியாக மட்டுமே போகும்படி கட்டிப்போடலாம். விபிஎன் அறுந்தால் டவுன்லோடும் நின்றுவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. இதன் அடியில் இயங்கும் லிப்டோரண்ட் நூலகத்தின் 2.0 பதிப்பு கோப்புகளை நினைவகத்தோடு இணைத்துப் படிப்பதால், ராம் முழுவதையும் விழுங்குவதுபோல் கணக்குக் காட்டும். அதில் பெரும்பகுதி, வேறு மென்பொருள் கேட்டால் கெர்னல் விட்டுக்கொடுத்துவிடும் இடம். ஆனாலும் 2 ஜிபி ராம் உள்ள கணினியென்றால், 1.2 பதிப்பை வைத்துத் தொகுத்தது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

மூலையில் திரையில்லாமல் ஓடும் ராஸ்பெர்ரி பையோ பழைய மேசைக்கணினியோ என்றால் கணக்கே வேறு. டிரான்ஸ்மிஷன், க்யூபிட்டோரண்ட், டெலூஜ் மூன்றுமே பின்னணியில் ஓடி, பிரவுசர் வழியே கட்டுப்படுத்த இடம் தரும். முன்னிருப்புப் போர்ட்கள் முறையே 9091, 8080, 8112. டெபியனிலும் உபுண்டுவிலும் பின்னணி டிரான்ஸ்மிஷன் தனக்கென்று ஒரு தனிப் பயனர் கணக்கில் ஓடுகிறது. உங்கள் வீட்டு அடைவில் எழுதச் சொன்னால் 'அனுமதி இல்லை' என்று நிற்பது அதனால்தான். அடைவில் எழுதும் உரிமையை அந்தக் கணக்கின் குழுவுக்கும் கொடுங்கள். அமைப்புக் கோப்பைத் திருத்தும் முன் சேவையை நிறுத்திவிடுங்கள். ஓடும்போது திருத்தினால், மூடும் நேரத்தில் தன்னிடமிருந்த பழைய மதிப்புகளையே அது திரும்ப எழுதிவிடும். க்யூபிட்டோரண்டில் 4.6.1 முதல் எல்லோருக்கும் தெரிந்த பழைய கடவுச்சொல் கிடையாது. முதல்முறை ஓடும்போது தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றைப் பதிவில் காட்டும், அங்கே தேடுங்கள். இந்தப் பக்கங்களை ரவுட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிட வேண்டாம். வெளியூரிலிருந்து பார்க்க எஸ்எஸ்எச் சுரங்கவழி இருக்கிறது.

டெர்மினலிலேயே வாழ்கிறவர்களுக்கு ஆர்டோரண்ட். ஒற்றைக் கோப்பு, ஒற்றைக் கட்டளை, வேலை முடிந்தது என்பவர்களுக்கு ஏரியா2.

எந்த மென்பொருளானாலும் கைகொடுக்கும் ஒரு வித்தை உண்டு. பிரவுசரில் 5 ஜிபி ஐஎஸ்ஓ இறக்கிக்கொண்டிருக்கும்போது முக்கால்வாசியில் இணைப்பு அறுந்துவிட்டது என்று வையுங்கள். தூக்கி எறிய வேண்டாம். அதே கோப்புக்கான டோரண்டை எடுத்து, ஓடவிடாமல் நிறுத்திய நிலையில் சேருங்கள். பாதிக் கோப்புக்கு டோரண்டில் உள்ள அதே பெயரைக் கொடுத்து அதே அடைவில் வைத்து, 'மறுபரிசோதனை' கட்டளையைச் சொடுக்குங்கள். டோரண்டுக்குள் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் இருப்பதால், சரியாக வந்த துண்டுகளை அதுவே அடையாளம் கண்டு, மிச்சத்தை மட்டும் இறக்கும்.

கோப்பு போய்ச் சேரும் டிஸ்க்கையும் பாருங்கள். எஃப்ஏடி32 பென்டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு நிற்காது. குற்றம் மென்பொருளுடையது அல்ல. ஸ்னாப், பிளாட்பேக் வழியாக நிறுவியிருந்தால் வெளி டிஸ்க்கை அணுகத் தனியாக அனுமதி தர வேண்டியிருக்கலாம். வம்பே வேண்டாம் என்று நான் விநியோகத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே நிறுவிக்கொள்கிறேன்.

'போர்ட் திறக்கவில்லை' என்ற எச்சரிக்கையைக் கண்டு மென்பொருளை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. வெளியிலிருந்து உங்களைத் தேடி யாரும் வர முடியாது. நீங்கள் பிறரைத் தேடிப் போகலாம் என்பதால் டவுன்லோடு நடக்கும். ஐபிவி6 இருந்தால் பெரும்பாலும் நிலைமை மேல்.

அப்லோடு வேகத்துக்கு மட்டும் வரம்பு போட்டுவிடுங்கள்; உங்கள் இணைப்பின் அப்லோடில் முக்கால் பங்கு சரியாக இருக்கும். அது முழுதாக நிரம்பினால் வீட்டில் வீடியோ அழைப்பு திக்கும், பிரவுசரும் தவழும். டிரான்ஸ்மிஷனில் ஆமைப் படம் போட்ட பொத்தான் தற்காலிகமாக வேகத்தைக் குறைக்கத்தான். பகலில் மட்டும் தானாகக் குறையும்படி நேரமும் குறித்துவைக்கலாம். க்யூபிட்டோரண்டிலும் இதே வசதி உண்டு.