லைன் வண்டித் தம்பிக்கும் வீட்டிலிருக்கும் தங்கச்சிக்கும்

ராசிபுரம் பக்கம் தெருவுக்கு ஒருத்தராவது லைன் வண்டிக்கு, அதாவது வெளிமாநிலம் ஓடும் லாரிக்குப் போகிறவர் இருப்பார். ஆண்டகளூர் கேட்டில் ஏறினால் அந்த 44-ஆம் நம்பர் ரோடு ஐதராபாத், நாக்பூர் என்று போய் ஸ்ரீநகரில்தான் நிற்கிறது. நவராத்திரி விரதத்துக்கு வடக்கே ஜவ்வரிசி வேண்டும் என்று நம் ஊர் சேகோ லோடு முன்கூட்டியே கிளம்பிவிடும். அங்கே ஊரெல்லாம் பண்டிகை, கேபினுக்குள் நீ ஒருத்தன். "டிரைவர் பொழப்புன்னா அப்படித்தான்" என்று வீட்டில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அக்கா அப்படி முடிக்க மாட்டேன். கேளு கண்ணு.

வண்டி ஓடும்போது மனசு அவ்வளவாக வாடாது. ரோடு, டீசல், டோல், டயர் என்று கவனம் போய்விடும். வண்டி நின்றால்தான் ஆபத்து. லோடு இறக்க வரிசையில் நிற்பது, ரிட்டன் லோடு அமைகிறவரை டெல்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் மாதிரி இடத்தில் பழியாகக் கிடப்பது. பாட்டிலும் சீட்டுக்கட்டும் மற்ற சகவாசமும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். 1990-களில் எய்ட்ஸ் நம் பக்கத்து லாரிக்காரக் குடும்பங்களில் புகுந்தபோது, இப்படிக் காத்துக் கிடந்த தனிமைக்கும் அதில் பங்கு உண்டு. பூசி மெழுகிப் பேச எனக்கு வராது.

அதனால் காத்திருக்கும் நாளுக்கென்று வேலை ஒதுக்கி வை. காலையில் குளித்துத் துணியைத் துவைத்துப் போடு. சலூனுக்குப் போ. மதியம் நீயே உலை வை. பக்கத்தில் தமிழ்நாட்டு வண்டி நின்றால் போய்ப் பேச்சுக் கொடு. ஒருத்தர் அரிசி களைய, ஒருத்தர் வெங்காயம் நறுக்க, சாப்பிட்டு முடிப்பதற்குள் பாதிப் பாரம் இறங்கிவிடும். கிளம்பும்போதே பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நம்ம ராசிபுரம் நெய் ஒரு பாட்டில் எடுத்துப்போ. தயிர் அங்கேயே கிடைக்கும். கேஸ் டேங்கர் ஓட்டுகிற தம்பிகளுக்கு இந்த யோசனை கிடையாது. வண்டியை விட்டு இறங்கி ஓட்டலில் சாப்பிடுங்கள், அடுப்புப் பேச்சே வேண்டாம்.

அடுத்தது போன். "சாப்டியா?" "சாப்டேன்." "என்ன விசேஷம்?" "ஒண்ணுமில்ல." இதற்கு எதற்கு ரீசார்ஜ்? தினமும் பத்து முறை கூப்பிடுவதை விட, வீட்டு வேலை ஒன்றை உன் பேரில் வைத்துக்கொள். கரண்ட் பில்லை நீ போனிலேயே கட்டு. பெரியவளுக்கு வாய்ப்பாடு கேட்பது உன் பொறுப்பு. அவள் வாட்ஸ்அப்பில் சொல்லி அனுப்பட்டும். வண்டியை ஓரங்கட்டிய பிறகு கேட்டு, தப்பைச் சொல்லி நீயும் பேசி அனுப்பு. ஓட்டும்போது கூடவே கூடாது. சிக்னல் இல்லாத மலைப்பாதையில் ஏறும்முன் ஒரு வார்த்தை சொல்லிவிடு. வண்டி நம்பர், முதலாளி நம்பர், மாற்று டிரைவர் நம்பர் மூன்றையும் எழுதி வீட்டுக் காலண்டர் பக்கத்தில் ஒட்டு. உன் போன் அணைந்துபோனால் உன் வீட்டுக்காரி கையைப் பிசைந்துகொண்டு உட்காரக் கூடாது.

தங்கச்சி, இனி உனக்கு. சேட்டை செய்கிற பிள்ளையிடம் "அப்பா வரட்டும், சொல்றேன்" என்று மிரட்டுவதை இன்றோடு விட்டுவிடு. அவன் ஆசையாக வாசலில் இறங்கும்போது பிள்ளைகள் போலீசைப் பார்த்த மாதிரி ஒளிகின்றன. கடன், மாமியார், பள்ளிக்கூடம் என்று சேர்த்து வைத்ததையெல்லாம் அவன் வந்த ராத்திரியே கொட்டாதே. ஆனால் எல்லாவற்றையும் மறைக்கவும் கூடாது. "நீங்க டென்ஷன் ஆவீங்கன்னு சொல்லல" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், அவன் அடுத்த டிரிப் முழுக்க இன்னும் என்ன மறைக்கிறாளோ என்றுதான் ஓட்டுவான்.

தம்பி, வீட்டுக்கு வந்த முதல் நாள் தூங்கு. அன்றைக்கே விருந்து, பஞ்சாயத்து எதற்கும் ஒத்துக்கொள்ளாதே. மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடு, டீச்சரைப் பார். நீ இல்லாதபோது வீட்டுக்காரி போட்ட சட்டம் எதையும் வந்த கையோடு மாற்றாதே. "இந்த நேரத்துக்கு டிவி எதுக்கு?" என்று நீ சத்தம் போட்டால், எப்போது கிளம்புவாய் என்று வீடே பார்க்கும்.

உறவுக்காரர்களும் கொஞ்சம் கேளுங்கள். காது குத்துக்கு மாமன் மடி வேண்டும். ஆனால் தேதியை மட்டும் மாமனிடம் கேட்காமல் குறித்துவிட்டு, கடைசி நேரத்தில் வரவில்லையென்று முகத்தைத் தூக்குவது எந்த ஊர் நியாயம்? ஜோசியரிடம் மூன்று நாள் வாங்கி, அதில் எது தோதுப்படும் என்று அவனைக் கேட்டுவிட்டு அப்புறம் பத்திரிகை அடியுங்கள்.

தம்பி, தூக்கம் வராமல், சோறு இறங்காமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் இருந்தால் அதை வெறும் அலுப்பு என்று தள்ளாதே. 14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது. டெலி மானஸ், 2022-இல் மத்திய அரசு தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் காசில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

முதலாளி அண்ணன்மார்களுக்கும் ஒரு சொல். மோட்டார் தொழிலாளிக்கு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை, வாரத்துக்கு 48 என்று 1961-இலேயே சட்டம் போட்டார்கள். ரோட்டில் அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அதைச் சரிசெய்ய நாளாகலாம். லீவுப் பட்டியல் போட நாளாகாது. ராசிபுரம் நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயில் ஐப்பசித் திருவிழாவுக்கு எந்த டிரைவர் ஊரில் இருப்பார், தீபாவளிக்கு எவர், பொங்கலுக்கு எவர் என்று ஆடியிலேயே எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒட்டியதைக் கடைசி நேரத்தில் மாற்றாமல் இருங்கள், அது போதும்.