மலாக்காவில் நம்மவர் சுவடுகள்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளை மலாக்கா நகருக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் நம்மில் பலர். சுங்கை ஊடாங்கிலிருந்து காரில் அரை மணி நேரந்தான். டச்சுக்காரர் கட்டிய சிவப்புக் கட்டடத்தின் முன் ஒரு படம், கோட்டை வாயிலில் ஒரு படம், ஒரு கிண்ணம் செண்டோல், பிறகு வீடு! ஆற்றைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் நம்மவர் வரலாறு இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

முதலில் கோட்டை. 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் கட்டியது. 1641-இல் டச்சுக்காரர் கைக்கு மாறியது. 1807-இல் ஆங்கிலேயர் அதை வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கினர். தமிழ் முஸ்லிம் மரபும் அரபு மரபும் கலந்த குடும்பத்தில் பிறந்த முன்ஷி அப்துல்லா, அதைச் சிறுவயதில் கண்டு பின்னாளில் தம் நூலில் எழுதினார். மிஞ்சியது ஒரு வாயில் மட்டுமே. அன்று அதனருகே அலையடித்த கடலைத் தூர்த்து இன்று கடைகள் கட்டியிருக்கிறார்கள்.

போர்த்துக்கீசியருக்குத் துணை நின்றவர்களில் நீனா சட்டு என்ற நம் வணிகரும் ஒருவர். சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு உதவியதால், 1511-க்குப் பின் பெண்டஹாரா பதவி பெற்றார். 1514-இல் அப்பதவி பறிபோகவே, சிதை மூட்டி அதில் இறங்கி உயிர் துறந்தார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். இதைப் பெருமைக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளிடம் மறைக்கவும் கூடாது.

இனி ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு. இங்கே 1781-இல் எழுந்தது ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம். டச்சு ஆட்சியினர் வழங்கிய நிலத்தில், மலாக்கா செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டி முன்னின்று கட்டுவித்தார். அருகிலேயே 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும், அதற்கும் முந்திய செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் உள்ளன. 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

மலாக்கா செட்டிகள் சுல்தான்கள் காலத்திலேயே வந்து, இம்மண்ணின் பெண்களை மணந்து வாழ்ந்த தமிழ் வணிகர்களின் வழியினர். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. காஜா பெராங்கில் அவர்கள் கிராமமும் மாரியம்மன் கோயிலும் உள்ளன. போகியன்று வாழை இலையிட்டு, மலாய்ச் சமையலையும் சேர்த்து முன்னோருக்குப் படைக்கிறார்கள். இதைப் பார்ச்சு என்பர். "தமிழ் தெரியாத தமிழர்" என்று நம் இளைஞர் சிலர் அவர்களைக் கேலி செய்வதைக் கேட்டு வருந்தியிருக்கிறேன். நம் தாத்தாக்கள் ரப்பர் மரம் சீவ வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே விளக்கேற்றியவர்கள் அவர்கள். பொய்யாத விநாயகர் ஆலயத்தை நகரத்தார் நிர்வகித்து வருகிறார்கள். நிலம் இன்றும் செட்டிகளுடையது.