சிறு பட்டறைக்கு ஒரு கருவிப் பேரேடு

கணினி வழி இயங்கும் இயந்திரங்கள் பெரிய தொழிற்சாலைகளுக்கே உரியவை என்ற காலம் போய்விட்டது. இரண்டாம் கையாக வாங்கப்பட்ட மெஷினிங் சென்டர்கள் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லாரியில் ஏறி, நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்துச் சிற்றூர்களிலும் வந்து இறங்குகின்றன. ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர்களின் பற்சக்கரங்கள், கிரஷர் தண்டுகள், பம்புசெட் பாகங்கள் என்று சிறு சிறு வேலைகள் அவற்றில் நடக்கின்றன.

இயந்திரம் வந்தது, அதற்கு வழி வகுத்துக் கொடுக்கும் 'கேம்' மென்பொருளும் வந்தது. ஆனால் அந்த மென்பொருளுக்குள் வெட்டுக்கருவிகளின் பட்டியலை ஒழுங்காக அமைத்து வைக்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை. மென்பொருளில் இதற்கு 'டூல் லைப்ரரி' என்று பெயர். கடைக்குப் பேரேடு எப்படியோ, பட்டறைக்கு இது அப்படி. ஆகவே கருவிப் பேரேடு என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். பட்டறை வைத்திருக்கும் அன்பர்களும், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களும் இதைத் தங்கள் கையாலேயே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

பேரேடு இல்லாவிட்டால் என்ன?

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் உள்ள ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 20 கருவிகளைத் தாங்கும் மேகசின் கொண்ட பழைய இயந்திரம் ஒன்று உண்டு. புரோகிராம் எழுதிவந்த இளைஞர் வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் கணினியில் விட்டுச்சென்ற பட்டியலில் கருவிகளின் பெயர்கள் 'புதியது', 'புதியது 2', 'பத்து' என்று இருந்தன. எந்தப் பெயர் எந்தக் கருவி என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

சில நாட்கள் கழித்து ஒரு தண்டில் சாவிப்பள்ளம் வெட்டும்போது, 7ஆம் எண் கருவி வேகமாக இறங்கி வேலைப்பொருளில் மோதி உடைந்தது. தண்டும் வீணாயிற்று, வைஸின் தாடையிலும் வெட்டு விழுந்தது. இயந்திரத்தின் கதவு மூடியிருந்ததால் உடைந்த துண்டு யார் மேலும் படவில்லை. "ஏழாம் நம்பர்ல பத்துதான் சார் கெடந்தது" என்றார் இயக்குபவர். அவர் சொன்னது உண்மை. முன்பு அந்த அறையில் இருந்தது 30 மி.மீ. வெளியே நீட்டிய 10 மி.மீ. கார்பைடு எண்ட் மில். அது தேய்ந்ததும் மாட்டப்பட்டதும் 10 மி.மீ. எண்ட் மில்தான், ஆனால் அது அதிவேக எஃகினால் ஆனது, நீட்டலோ 45 மி.மீ. இயந்திரத்தில் பதிவான நீளத்தை யாரும் மாற்றவில்லை. கருவி, கணக்கிட்டதைவிட 15 மி.மீ. கீழே இறங்கிவிட்டது.

'பத்து' என்ற சொல் ஒரு கருவியை அடையாளம் காட்டப் போதாது என்பதே இதில் அறிய வேண்டிய பாடம். உடைந்த கருவிக்கும் வீணான தண்டுக்கும் ஆன செலவை விட, கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஓர் உரிமையாளருக்கு இயந்திரம் நிற்கும் நாட்களே பெரிய இழப்பு.

ஒரு பொருளுக்கு ஓர் எண்

இந்திய ரயில்வேயில் உதிரிப் பொருட்களுக்கு எட்டு இலக்கம் கொண்ட 'பி.எல்.' எண் உண்டு. பொன்மலையில் கேட்டாலும் பெரம்பூரில் கேட்டாலும் அந்த எண்ணுக்கு அதே பொருள்தான் வரும். கேட்பவர் தமிழரா, வங்காளியா என்பது அந்த எண்ணுக்குத் தேவையில்லை. நான் பணியாற்றிய காலம் முழுவதும் கண்ட இந்த ஒழுங்கைத்தான் சிறு பட்டறைக்கும் பரிந்துரைக்கிறேன்.

அந்தப் பட்டறையில் நாங்கள் அமைத்த எண் முறை எளியது. அதில் நான்கு பகுதிகள் உள்ளன.

முதல் இலக்கம் வகையைக் காட்டும்: 1 முகப்பு வெட்டும் ஃபேஸ் மில், 2 எண்ட் மில், 3 டிரில், 4 டேப், 5 விளிம்பு மழுக்கும் சேம்ஃபர் கருவி.

அடுத்த மூன்று இலக்கங்கள் விட்டம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக: 10 மி.மீ. என்றால் 100, 8.5 மி.மீ. என்றால் 085.

அடுத்த இலக்கம் கருவி எதனால் ஆனது என்பது: 1 அதிவேக எஃகு, 2 கார்பைடு.

கடைசி இரண்டு இலக்கங்கள் ஹோல்டரிலிருந்து கருவி வெளியே நீட்டும் அளவு.

இம்முறைப்படி முன்பிருந்த கருவி 2-100-2-30. பின்பு மாட்டியது 2-100-1-45. இரண்டும் வேறு என்பது எண்ணைப் பார்த்ததுமே விளங்குகிறது. சாணை பிடித்த எண்ட் மில் 9.8 மி.மீ. ஆகத் தேய்ந்திருந்தால் அது 2-098 என்று தொடங்கும் தனிக் கருவி. டேப்புக்கு மட்டும் மரை இடைவெளியையும் பெயரில் சேர்த்து எழுத வேண்டும். எம் 10 டேப்பிலேயே 1.5 இடைவெளியும் உண்டு, 1.25 இடைவெளியும் உண்டு.

எண் முறைக்கு இங்கே இன்னொரு தேவையும் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் என்று பிரிந்தாலும், இரு பக்கத்துத் தொழிலாளரும் ஒரே பட்டறையில்தான் வேலை செய்கிறார்கள். ஒருவர் 'மரை' என்பார். மற்றவர் அதையே 'பிரி' என்பார். பழைய இயந்திரங்களின் திரையோ ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே காட்டும். எனவே கணினியிலும் திரையிலும் எண் இருக்கட்டும். சுவரில் மாட்டும் பலகையில் அந்த எண்ணுக்கு எதிரே தமிழிலும் மலையாளத்திலும் பெயர் எழுதிவிடலாம்.

பேரேட்டில் பதிய வேண்டியவை

முதலில் எல்லா இழுப்பறைகளையும் ஒரு மேசையில் கொட்டுங்கள். நல்லவை, சாணை பிடிக்க வேண்டியவை, கழித்துவிட வேண்டியவை என மூன்றாகப் பிரியுங்கள். கையில் இருக்கும் கருவிகளை மட்டும் பதியுங்கள். கருவி தயாரிக்கும் நிறுவனங்கள் தங்கள் பட்டியல் முழுவதையும் கணினிக் கோப்பாகத் தருகின்றன. ஆயிரக்கணக்கான அந்த வரிகளை அப்படியே இறக்கிவிட்டால், இல்லாத கருவிக்குப் புரோகிராம் எழுதும் நிலை வரும்.

ஒவ்வொரு கருவிக்கும் வெட்டும் விட்டம், பற்களின் எண்ணிக்கை, வெட்டும் பகுதியின் நீளம், மொத்த நீளம், நீட்டல், மூலை ஆரம், ஹோல்டர் வகை ஆகியவற்றை எழுதுங்கள். விட்டத்தை உறையில் அச்சிட்டபடி எழுதாமல் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுங்கள். வெட்டுக்கருவி விவரங்களை எப்பெயரில் குறிப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 13399 என்ற உலகத் தரமே இருக்கிறது. நிறுவனப் பட்டியல்களில் 'டி.சி.' என்பது வெட்டும் விட்டம், 'ஓ.ஏ.எல்.' என்பது மொத்த நீளம், 'ஏ.பி.எம்.எக்ஸ்.' என்பது வெட்டக்கூடிய அதிகபட்ச ஆழம்.

ஹோல்டரின் வடிவத்தையும் நீட்டலையும் விட்டுவிடக் கூடாது. மென்பொருள் திரையில் ஓட்டிக் காட்டும்போது, ஹோல்டர் வேலைப்பொருளில் இடிக்குமா என்பது அவற்றைப் பதிந்திருந்தால்தான் தெரியும். நீட்டல் கூடினால் கருவி வளைவதும் கூடும். அந்த வளைவு நீளத்தின் மும்மடி விகிதத்தில் வளரும். 30 மி.மீ. நீட்டலை 45 ஆக்கினால் நீளம் ஒன்றரை மடங்குதான்; வளைவோ ஏறத்தாழ 3.4 மடங்கு. பள்ளத்தின் சுவர் சாய்வாக வருவதற்கும் இரைச்சலுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

வேகக் கணக்கு

வெட்டு வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று கொள்வது வழக்கம். அதை 1000 ஆல் பெருக்கி, 3.14 ஆலும் கருவியின் விட்டத்தாலும் வகுத்தால் சுற்று எண்ணிக்கை கிடைக்கும். சாதாரண இரும்பில் 10 மி.மீ. கார்பைடு எண்ட் மில்லுக்கு 100 மீட்டர் என்று வைத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3180 சுற்று. நான்கு பல், பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் ஊட்டம் 636 மி.மீ. அதே விட்டமுள்ள அதிவேக எஃகுக் கருவிக்கு 25 மீட்டர் என்று கொண்டால் 795 சுற்றுதான். இரண்டையும் ஒரே வரியில் எழுதி வைத்தால், அதிவேக எஃகுக் கருவியை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி எரித்துவிடுவோம்.

இது மிகைப்பட்ட பேச்சு அல்ல. அமெரிக்க இயந்திரவியல் பொறியாளர் சங்கத்தின் தலைவராக இருந்த எஃப். டபிள்யூ. டெய்லர், 26 ஆண்டுகள் உலோகம் வெட்டிப் பார்த்துத் திரட்டிய முடிவுகளை 1906இல் வெளியிட்டார். வேகத்துக்கும் கருவியின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை அவர் ஒரு சமன்பாடாகவே தந்தார். அதில் அதிவேக எஃகுக்கு வழக்கமாகக் கொள்ளும் 0.125 என்ற அடுக்கை இட்டுப் பார்த்தால், வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினாலே ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் வேலைப்பொருள் வாரியாகத் தனித்தனி வேகம் எழுத வேண்டும். ஐ.எஸ்.ஓ. 513 தரம் எஃகுக்கு நீலம், துருப்பிடிக்காத எஃகுக்கு மஞ்சள், வார்ப்பிரும்புக்குச் சிவப்பு, அலுமினியம் போன்றவற்றுக்குப் பச்சை என நிறம் வகுத்திருக்கிறது. அதே நிறங்களைப் பலகையிலும் தீட்டிவிட்டால் தேடும் வேலை குறையும். நிறுவனம் சொல்லும் வேகம் தொடக்கப் புள்ளி மட்டுமே. பழைய இயந்திரத்தில் சற்றுக் குறைத்துத் தொடங்கி, நன்றாக ஓடிய எண்ணைத் தேதியுடன் பேரேட்டில் திருத்துங்கள்.

டேப்புக்கு இந்தச் சலுகை இல்லை. சுற்றை மரை இடைவெளியால் பெருக்கினால் வருவதே ஊட்டம். எம் 10, 1.5 இடைவெளி, 200 சுற்று என்றால் சரியாக 300 மி.மீ. அதற்குரிய துளை 10 கழித்தல் 1.5, அதாவது 8.5 மி.மீ. டேப்பின் குறிப்பில் அதன் டிரில் எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டால், அவசரத்தில் 8 மி.மீ. துளை போட்டு டேப்பை உடைக்கும் நிலை வராது.

நான்கு இடங்களும் ஒத்திருக்க வேண்டும்

பேரேடு கணினிக்குள் மட்டும் சரியாக இருந்து பயனில்லை. கணினி, மேகசினின் அறை, இயந்திரத்தின் நீள ஆஃப்செட் பட்டியல், சுவர்ப்பலகை ஆகிய நான்கும் ஒன்றையே சொல்ல வேண்டும். அதற்கான விதிகள் இவை:

1. அறை எண் 5 என்றால் நீள ஆஃப்செட்டும் விட்ட ஆஃப்செட்டும் 5 தான். மாற்றி எழுதுவது கூடாது.

2. 1 முதல் 12 வரை நிரந்தரக் கருவிகள். அவை இடம் மாறக் கூடாது. 13 முதல் 20 வரை வேலைக்கேற்ப வந்துபோகும் விருந்தாளிகள்.

3. ஒரு கருவியைக் கழற்றி மாட்டினால், அது அதே வகையாக இருந்தாலும் நீளத்தை மீண்டும் அளந்து பதிய வேண்டும். அளந்தவர் பலகையில் தேதியும் கையெழுத்தும் இட வேண்டும்.

4. பேரேட்டைத் திருத்தும் உரிமை ஒருவருக்கே. ஆனால் படித்துப் புரிந்துகொள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

5. திருத்திய ஒவ்வொரு முறையும் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து உரிமையாளரின் வீட்டில் வைக்க வேண்டும்.

6. புதிய புரோகிராமை முதலில் திரையில் ஹோல்டருடன் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்பு இயந்திரத்தில் வேலைப்பொருளுக்கு மேலே வெறும் காற்றில், வேக நகர்வைக் கால் பங்காகக் குறைத்து, ஒவ்வொரு வரியாக ஓட்ட வேண்டும்.

மூன்றாவது விதிக்கு ரயில்வே பட்டறைகளின் டோக்கன் முறை நல்ல துணை. அங்கே கருவி அறையில் பித்தளை டோக்கனைக் கொடுத்தால்தான் கருவி கிடைக்கும். ஆணியில் தொங்கும் டோக்கனே கருவி யாரிடம் என்பதைச் சொல்லும். பித்தளை இல்லையென்றால் பெயர் எழுதிய தகரத் துண்டே போதும்.

மென்பொருள் எதுவாக இருந்தாலும் இவ்விதிகள் பொருந்தும். விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம். 2024 நவம்பரில் வெளிவந்த அதன் 1.0 பதிப்பிலும் 'கேம்' பகுதி உண்டு. கருவிப் பேரேடும் உண்டு.

பேரேடு சரியா என்று அறிவது எப்படி?

புரோகிராம் எழுதுபவரை ஒரு நாள் விடுப்பில் அனுப்புங்கள். அவர் எழுதி வைத்த வேலையை வேறொருவர், தொலைபேசியில் யாரையும் கேட்காமல், பேரேட்டையும் பலகையையும் மட்டும் பார்த்து முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். எங்கே அவர் தயங்கி நிற்கிறாரோ, அங்கே பேரேட்டில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். மேலே சொன்ன பட்டறையில் முதல் முறை செய்தபோது மூன்று இடத்தில் தயக்கம் வந்தது. மூன்றும் நீட்டல் அளவு எழுதாத டிரில்கள். அன்று மாலையே அவற்றை அளந்து எழுதினோம். இப்போது அங்கே எண்ட் மில், டிரில், டேப் எல்லாம் சேர்ந்து 34 கருவிகள் பேரேட்டில் உள்ளன. வேலையைக் கற்க வந்திருக்கும் இரு பையன்களும் எண்ணைச் சொன்னால் கருவியை எடுத்துத் தருகிறார்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் தொழில் கற்றதும் கோவைக்கும் வளைகுடாவுக்கும் போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. போகிறவர் தம் நினைவில் உள்ளதைப் பட்டறையில் எழுதி வைத்துவிட்டுப் போக ஒரு வழி இருந்தால் போதும். பட்டறை வைத்திருக்கும் அன்பர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் இழுப்பறையைக் கொட்டித் தொடங்கலாம். ஒரு மைக்ரோமீட்டர், ஒரு நோட்டுப் புத்தகம், உதவிக்கு ஓர் ஆள் இருந்தால், சிறிய பட்டறைக்கு இரண்டு மூன்று ஞாயிறுகளில் வேலை முடிந்துவிடும்.