எண்ணைச் சொன்னால் பெயரைச் சொல்லுமா இணையம்?

மாணவர்களே, கடித உறையில் முகவரியை எப்படி எழுதுவீர்கள்? வீட்டு எண், லெபோ பாசார், ஜோர்ஜ்டவுன், பினாங்கு, மலேசியா. சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிப்போம். வீட்டுத் தொலைபேசி எண்ணோ இதற்கு நேர்மாறு. பினாங்குக்குரிய வட்டார எண்ணான 04 முன்னால் வரும். வீட்டுக்குரிய எண் பின்னால் வரும்.

இணையத்திலும் இந்த இரு வரிசைகளும் உண்டு. களப்பெயர், உறை முகவரியைப் போன்றது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் களப்பெயர் ‘யுஎஸ்எம்.எம்ஒய்’. அதன் வலக்கோடியில் நாடு, இடப்பக்கம் பல்கலைக்கழகம். ஐபி எண், தொலைபேசி எண்ணைப் போன்றது. 192.168.1.10 என்பதில் முற்பகுதி வலையமைப்பைக் குறிக்கும். கடைசி 10 ஒரு கருவியைக் குறிக்கும்.

பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் முறையே டி.என்.எஸ். இதை 1983இல் வடிவமைத்தவர் பால் மொக்காபெட்ரிஸ். அதற்கு முன் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கணினிகள் பெருகவே, அந்தப் பட்டியல் பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. ‘எம்ஒய்’ மண்டலத்தைக் கவனிப்பது மைநிக் நிறுவனம்.

ஒரு பள்ளிக் கணினிக்கூடத்தின் நுழைவாயில் கருவியில் இதை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மண்டலங்கள் தேவை.

1. நேர் மண்டலம்: ஆய்வகம்.இன்டர்னல். இதில் ‘அச்சு’ என்ற பெயருக்கு நேரே, அச்சுப்பொறியின் எண்ணான 192.168.1.10 என்று எழுத வேண்டும். (‘இன்டர்னல்’ என்ற முடிவு, உள் வலையமைப்புகளுக்கென்றே 2024இல் ஒதுக்கப்பட்டது.)

2. தலைகீழ் மண்டலம்: 1.168.192.இன்-அடர்.ஆர்பா. இதில் 10 என்பதற்கு நேரே ‘அச்சு.ஆய்வகம்.இன்டர்னல்.’ என்று எழுத வேண்டும்.

எண் ஏன் திரும்பி நிற்கிறது? டி.என்.எஸ். வலமிருந்து இடமாக, பெரியதிலிருந்து சிறியதை நோக்கித் தேடும். எண்ணில் பெரியது இடப்பக்கம் இருப்பதால், அதைத் திருப்பிப் போடுகிறோம். பெயரின் இறுதியில் உள்ள புள்ளியையும் கவனியுங்கள். ‘பெயர் இத்துடன் முடிந்தது’ என்பதே அதன் பொருள். அதை விட்டுவிட்டால், மண்டலக் கோப்பு தன் பெயரையும் பின்னால் ஒட்டிவிடும், விடை தவறாகும்.

192.168 என்று தொடங்கும் எண்கள் உலகெங்கும் எண்ணற்ற வீடுகளிலும் பள்ளிகளிலும் பயன்படுகின்றன. ஆகவே உங்கள் 192.168.1.10 எது என்று வெளியுலகம் சொல்ல முடியாது. உங்கள் நுழைவாயில்தான் சொல்ல வேண்டும்.

பொது இணைய எண்களின் நிலை வேறு. நேர் மண்டலம் பெயரின் உரிமையாளரிடம் இருக்கும். தலைகீழ் மண்டலம் எண்ணைப் பெற்றவரிடம், பெரும்பாலும் இணையச் சேவை நிறுவனத்திடம், இருக்கும். இந்தப் பிரிவினையே ஒரு பாதுகாப்பு. மோசடிக்காரர் ஒருவர் தம் எண்ணின் தலைகீழ் மண்டலத்தில் ஒரு வங்கியின் பெயரை எழுதிவிடலாம். ஆனால் வங்கியின் நேர் மண்டலத்தில் அவரால் தம் எண்ணை எழுத முடியாது. அதனால் பல மின்னஞ்சல் சேவையகங்கள் எண்ணிலிருந்து பெயரையும், அந்தப் பெயரிலிருந்து மீண்டும் எண்ணையும் தேடி ஒப்பிடுகின்றன. நேர்மையான அலுவலகம்கூட எண்ணை மாற்றும்போது தலைகீழ்ப் பதிவை மறந்தால், அதன் கடிதங்கள் குப்பை அஞ்சலில் விழக்கூடும்.

செய்து பாருங்கள்: 192.168.5.27 என்ற எண்ணுக்குரிய தலைகீழ் மண்டலத்தின் பெயர் என்ன? அதனுள் எந்த எண்ணுக்கு நேரே பெயரை எழுத வேண்டும்?

விடை: 5.168.192.இன்-அடர்.ஆர்பா, 27.