குரோட்டன்ஸ் நிறம் மங்காமல் வளர

நர்சரியில் மஞ்சளும் சிவப்புமாக மின்னிய குரோட்டன்ஸ், வீட்டுக்கு வந்த சில நாட்களில் இலைகளைக் கொட்டத் தொடங்கும். பட்டுப்போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். இடம் மாறினால் இலை உதிர்ப்பது இதன் சுபாவம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அந்த நேரத்தில் பதறிப்போய்த் தண்ணீரையும் உரத்தையும் கொட்டுவதுதான் ஆபத்து. இலை குறைந்த செடிக்குத் தண்ணீரும் குறைவாகத்தான் தேவை.

முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். மலேசியா, இந்தோனேசியா, பசிபிக் தீவுகளின் வெயிலிலும் ஈரக்காற்றிலும் வளர்ந்த இனம் இது. கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் நல்லது. இருட்டு மூலையில் வைத்தால் புதுத் துளிர்கள் வெறும் பச்சையாகவே வரும். வரவேற்பறை மூலைதான் வேண்டும் என்றால் வேறு செடி வாங்குவதே மேல். ஏசி காற்று நேராகப் படக்கூடாது. ஒருமுறை வைத்த தொட்டியை அடிக்கடி நகர்த்தவும் வேண்டாம்.

அடுத்தது மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. தொட்டியின் அடியில் துளை அவசியம். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் தண்ணீர் ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய நூலாம்படையும் மேற்புறத்தில் ஊசி குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகளும் இருந்தால் செஞ்சிலந்தி வந்திருக்கிறது. இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். மாவுப்பூச்சிக்கும் இதே வைத்தியம்தான்.

இன்னொரு செடி வேண்டுமா? மழைக்காலத்தில் பதியன் போடுங்கள். பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுங்கள். வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். பாலைத் துடைத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவை அங்கே பொதிந்து, பாலித்தீன் தாளால் சுற்றி இருபுறமும் இறுக்கிக் கட்டுங்கள். ஒன்றிரண்டு மாதங்களில் தாளுக்குள் வெள்ளை வேர்கள் தெரியும். கட்டுக்குக் கீழே வெட்டித் தனித்தொட்டியில் நட்டு, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே தாய்ச்செடியும் கிளைவிடும்.