சமூக ஊடகத் தரவைப் பெயர்த்துச் செல்லும் உரிமை: முக்கியக் குறிப்புகள்

குறிப்பு: தன் தரவைக் கேட்டுப் பார்க்கும் உரிமை வேறு, அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பெயர்க்கும் உரிமை வேறு. சிங்கப்பூர் பற்றிய விடையில் இரண்டையும் கலந்து எழுதவே கூடாது.

• சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய ஆண்டு 2012. அதன் முதன்மை விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன.

• பிரிவு 21, கேட்டுப் பார்க்கும் உரிமை: ஒரு நிறுவனம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவையும், கடந்த ஓராண்டில் அது எப்படிப் பயன்படுத்தப்பட்டது, யாருக்குத் தரப்பட்டது என்பதையும் கேட்கலாம். 30 நாளுக்குள் தர இயலாவிட்டால், எப்போது தருவோம் என்று நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிரிவு 22, பிழை திருத்தக் கோரும் உரிமை.

• பெயர்வுக் கடமை (பயனர் கேட்டால் அவரது தரவை இன்னொரு நிறுவனத்துக்குப் பெயர்க்கும் கடமை): தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையமும் 2019 பிப்ரவரியில் இதுபற்றி விவாத அறிக்கை வெளியிட்டன. திருத்த மசோதா 2020 நவம்பர் 2ஆம் தேதி நிறைவேறியது. முன்மொழிந்தவர் அன்றைய தொடர்பு, தகவல் அமைச்சர் எஸ். ஈஸ்வரன். திருத்தங்களின் முதல் தொகுதி 2021 பிப்ரவரி 1 அன்று நடப்புக்கு வந்தபோது பெயர்வுக் கடமை அதில் சேரவில்லை. எந்த வகைத் தரவு, என்ன தொழில்நுட்ப முறை என்பதை முதலில் விதிமுறைகள் வகுக்க வேண்டும் என்பதே காரணம். “2021 முதல் சிங்கப்பூரில் தரவைப் பெயர்க்கலாம்” என்று எழுதினால் அது தவறு.

• மாதிரி வினா: மார்சிலிங்கில் வீவக வீட்டில் வசிக்கும் ஒருவர் முகநூலை விட்டு வேறு தளத்துக்கு மாற விரும்புகிறார். பெயர்வுக் கடமை நடப்புக்கு வந்தால் அதன்படி எவை அவருடன் போகும்?
அவரே பதிவேற்றிய படங்களும் பதிவுகளும் பயனர் தந்த தரவு. விருப்பக்குறிகள், தேடல்கள் பயனர் நடவடிக்கைத் தரவு. இவ்விரண்டும் சட்டத்தின் வரையறைக்குள் வரும். அவற்றை வைத்து நிறுவனம் ஊகித்த விளம்பர வகைப்பாடு வருவிக்கப்பட்ட தரவு, அது வராது. படத்தில் நண்பரும் இருந்தால்? சொந்த அல்லது குடும்பத் தேவைக்கான கோரிக்கை என்றால் நண்பரின் ஒப்புதல் இல்லாமலே பெயர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. பெறும் நிறுவனத்துக்குச் சிங்கப்பூரில் இருப்பு வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

• நிறுவனங்கள் தாமாகத் தந்த வசதிகள்: முகநூலின் பதிவிறக்க வசதி 2010 அக்டோபர், கூகல் டேக்அவுட் 2011 ஜூன். முகநூல் கோப்பை எச்டிஎம்எல், ஜேசன் என இரு வடிவங்களில் பெறலாம். முன்னது நாம் வாசிக்க, பின்னது மற்றொரு கணினி அமைப்பு வாசிக்க. பதிவிறக்கம் மட்டும் போதாது என்பது இங்கேதான் விளங்கும்: கையில் கோப்பு இருந்தும் அதை ஏற்கும் தளம் இல்லையென்றால் பயனர் பழைய இடத்திலேயே கட்டுண்டு கிடப்பார்.

• தளத்திலிருந்து தளத்துக்கு நேரடி மாற்றத்துக்கான தரவு மாற்றத் திட்டம், 2018 ஜூலை: கூகல், முகநூல், மைக்ரோசாஃப்ட், டுவிட்டர். ஆப்பிள் சேர்ந்தது 2019இல்.

• ஃபிரெண்ட்ஸ்டர்: தென்கிழக்காசியாவில் பெருவழக்காக இருந்த தளம். பழைய படங்களும் பதிவுகளும் 2011 மே 31க்குப் பின் அழிக்கப்படும் என அறிவித்து, எடுத்துக்கொள்ள ஒரு கருவியும் தந்தது. நினைவுகளைக் காக்கும் வாய்ப்பு அறிவிப்பைக் கவனித்தவர்களுக்கு மட்டும் கிட்டியது பெரும் அநீதி. இந்த உரிமை ஏன் சட்டத்தில் இருக்க வேண்டும் என்ற வினாவுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

• முன்னோடி: எண்ணை மாற்றாமல் கைத்தொலைபேசி நிறுவனத்தை மாற்றும் வசதியைச் சிங்கப்பூர் 1997இலேயே கொண்டுவந்தது. முழுமையான முறை 2008 ஜூனில் வந்தது.

• ஒப்பீடு: ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, உறுப்பு 20, 2018 மே 25 முதல். இந்தியாவில் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 வரைவிலும் 2019 மசோதாவிலும் பெயர்வு உரிமை இருந்தது; 2023 சட்டத்தில் இல்லை.